கட்டுமரம்: 1673-ஆ, 1697-ஆ, 1698-ஆ?

ஆங்கில விக்சனரி என்னும் இணைய அகராதியில் பழைய புத்தகங்களிலிருந்து மேற்கோள் சேர்ப்பவர்களுக்குள் தீராத வழக்கு ஒன்று உண்டு. 1500க்கும் 1700க்கும் இடைப்பட்ட ஒரு நூலின் வாக்கியத்தை ஒரு சொல்லுக்குச் சான்றாக இடும்போது, அச்சுப் பக்கத்தில் இருப்பதில் எவ்வளவை அப்படியே எடுத்துவர வேண்டும் என்பதே அந்த வழக்கு. எழுத்துக்கூட்டலைத் தொடக் கூடாது என்பதில் பெரும்பாலும் ஒற்றுமைதான். எழுத்தின் உருவம், ஆண்டு, பக்க எண் என்று வரும்போதுதான் ஆளுக்கொரு கட்சி. அந்த அகராதியில் ஓய்வு நேரத்தில் வேலை செய்கிற நானும் நெடுநாள் ஒரு கட்சியில் இருந்தேன். அதை விட்டு விலகவில்லை. ஆனால் அதற்கு நியாயம் தேடப் போன இடத்தில், எழுத்து உருவத்தைவிட ஆண்டு என்கிற அந்த நாலு இலக்க எண்தான் அதிகம் உறுத்தத் தொடங்கியது.

முதலில் எழுத்து. அக்கால ஆங்கில அச்சில் ‘எஸ்’ என்ற எழுத்துக்கு இரண்டு உருவங்கள். சொல்லின் கடைசியில் நிற்பது இன்று நாம் காணும் வளைந்த எஸ். முதலிலும் நடுவிலும் பெரும்பாலும் வருவது நீண்ட எஸ். அது பார்வைக்கு ‘எஃப்’ போலவே இருக்கும். ஆனால் குறுக்குக் கோடு தண்டைத் தாண்டி வலப்பக்கம் போகாமல், இடப்பக்கம் ஒரு சிறு முளையாக நின்றுவிடும். ‘யூ’வும் ‘வி’யும் அதே கதைதான். சிற்றெழுத்தில் ஒரு சொல்லின் தொடக்கத்தில் ‘வி’ உருவமும் மற்ற இடங்களில் ‘யூ’ உருவமும் வரும். அங்கே ஒலிப்பது உயிரா மெய்யா என்பது பொருட்டில்லை. ‘லவ்’ என்ற சொல்லின் நடுவே ‘யூ’ நிற்கும். ‘அப்பான்’ என்ற சொல் ‘வி’யில் தொடங்கும். 1630களுக்குப் பிறகு இந்த இரண்டாவது வழக்கம் மெல்ல மறைந்தது. நீண்ட எஸ் 1800ஐ ஒட்டிய ஆண்டுகள் வரை தாக்குப்பிடித்தது.

என் கட்சி நடுக்கட்சி: நீண்ட எஸ்ஸை இன்றைய எஸ்ஸாக மாற்றிவிடுவது, ‘யூ’, ‘வி’ இரண்டையும் அச்சில் உள்ளபடி விடுவது. பெரும்பாலான பதிப்பாசிரியர்களின் வழக்கமும் ஏறத்தாழ இதுதான். ஆனால் இரண்டுமே சொல்லில் நிற்கும் இடத்தைப் பொறுத்து மாறும் உருவங்கள்தாம் என்றால், ஒன்றை மாற்றிவிட்டு மற்றொன்றைப் பூசை அறையில் வைப்பதில் என்ன ஒழுங்கு இருக்கிறது? எல்லாவற்றையும் அப்படியே வைக்க வேண்டும் என்கிறவர்கள் இதைக் கேட்டார்கள். எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்கிறவர்களும் கேட்டார்கள். வழக்கம் என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

பதில் தமிழ்ப் பக்கத்திலிருந்துதான் கிடைத்தது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய புத்தகங்களில் லை, ளை, ணை, னை ஆகியவை துதிக்கை வைத்த பழைய உருவத்தில் இருக்கும். 1950இல் வெளிவந்த ஒரு கட்டுரையை இன்று மேற்கோள் காட்டும்போது நாம் அந்தத் துதிக்கையைத் தேடிக்கொண்டு வருவதில்லை. அதனால் எதையும் இழப்பதுமில்லை, ஏனென்றால் அந்த உருவம் லை என்பதைத் தவிர வேறெதுவாகவும் இருக்க முடியாது. ஏட்டுச்சுவடி அப்படியல்ல. அங்கே புள்ளி இல்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது. காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். சுவடியிலிருந்து ஒரு வரியை எடுத்து அச்சிடுகிறவர் புள்ளி வைக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு முடிவு எடுக்கிறார். அந்த முடிவு தவறினால் சொல்லே வேறாகிவிடும். நீண்ட எஸ் துதிக்கை வகை. ‘யூ-வி’ புள்ளி வகை. முதலாவதை மாற்றுவது வேறு உருவில் எழுதுவது. இரண்டாவதை மாற்றுவது பொருள்கொள்வது. ஆசியாவின் ஊர்ப்பெயர்களும் பண்டங்களின் பெயர்களும் முதன்முதலாக ஆங்கிலத்தில் அச்சேறிய காலம் அது. அப்படி ஒரு புதுச் சொல்லின் நடுவில் நிற்கும் ‘யூ’ உயிரா மெய்யா என்று சொல்வதற்கு முன்னுதாரணம் எதுவும் இருக்காது. அகராதிக்குத் தெரிய வேண்டியதே அதுதான். அங்கே நானே முடிவெடுத்து மாற்றிவிட்டால், சான்று என்ற பெயரில் என் ஊகத்தை இடுகிறேன்.

இதில் ஒரு கிளைச் சிக்கல் உண்டு. நீண்ட எஸ்ஸை மாற்றுவதில் இழப்பில்லை என்பது, முதலில் அதை எஸ் என்று சரியாகப் படித்திருந்தால்தான். பக்கப் படத்தை எழுத்தாக மாற்றும் எழுத்துணரி மென்பொருள்கள் அதை ‘எஃப்’ என்று படித்துவிடும். ‘செட்’ என்ற சொல் ‘ஃபெட்’ ஆகிவிட்டால், அப்படி ஒரு சொல் இந்த எழுத்துக்கூட்டலில் இல்லையே என்று யாருக்கும் தோன்றும். ‘சேம்’ என்பது ‘ஃபேம்’ ஆகிவிட்டால் ஒருவருக்கும் தோன்றாது. ‘அதே’ என்று எழுதியவர் ‘புகழ்’ என்று எழுதியதாகிவிடும், இரண்டும் நல்ல சொற்கள். ஆகவே மாற்றி எழுதுகிறவர் பக்கப் படத்துக்குச் சுட்டி கொடுத்தே ஆக வேண்டும் என்பதை என் கட்சியின் விதியாகவே சேர்த்துக்கொண்டேன்.

பெரூவில் ஒரு தமிழ்ச் சொல்

ஆங்கிலத்துக்குப் போன தமிழ்ச் சொற்களுக்கு மிகப் பழைய சான்றுகளைப் பார்த்துவருவது எனக்குப் பிடித்த வேலை. ‘கட்டுமரம்’ அவற்றில் பேர்பெற்றது. யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹாப்ஸன்-ஜாப்ஸன் என்ற ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி இந்தச் சொல்லுக்குச் சான்றுகளை ஆண்டு வரிசையில் அடுக்குகிறது. 1583ஆம் ஆண்டின் கீழ் காஸ்பரோ பால்பி என்ற வெனிஸ் வணிகர் வருகிறார். ஏழு உருண்டை மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவையை வருணித்து, அதன் பெயர் ‘கத்தமெரோனி’ என்கிறார். அவர் எழுதியது இத்தாலியம். ஆங்கிலச் சொல்லுக்கு அது சான்றாகாது. ஆங்கிலத்தில் முதலாவதாக அங்கே நிற்பது 1673, ஜான் ஃபிரையர்.

ஃபிரையர் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர். 1672இல் கப்பலேறி, ஒன்பது ஆண்டுகள் இந்தியாவிலும் பாரசீகத்திலும் சுற்றியவர். சோழமண்டலக் கரையோரம் கப்பல் வந்துகொண்டிருந்தபோது சில கட்டுமரங்கள் தங்களை நோக்கி வந்தன என்று எழுதுகிறார். அவை ஒன்றாகப் பிணைத்த மரத்துண்டுகள், நடுவில் ஒரு பாய், செலுத்தத் துடுப்புகள் என்று அடைப்புக்குறிக்குள் ஒரு விளக்கமும் தருகிறார். புத்தகத்தின் 24ஆம் பக்கம். ஆனால் தலைப்புப் பக்கத்தில் உள்ள ஆண்டு 1673 அல்ல, 1698. எட்டுக் கடிதங்களாக அமைந்த அந்த நூல், அதில் வரும் காட்சி நடந்து கால் நூற்றாண்டு கழித்துத்தான் அச்சேறியது.

அதற்கு ஓராண்டு முன்பே, 1697இல், ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியரின் உலகப் பயண நூல் வெளிவந்துவிட்டது. கட்டுமரம் அதிலும் இருக்கிறது. ஆனால் சென்னையைப் பற்றியோ சோழமண்டலத்தைப் பற்றியோ பேசும் இடத்தில் தேடினால் கிடைக்காது. டாம்பியர் தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில், பெரூவின் பைத்தா துறைமுகத்தை ஒட்டிய மீனவர்களின் மரமிதவைகளை விவரித்துக்கொண்டிருக்கிறார். பெரிய மிதவை, சிறிய மிதவை என்று சொல்லி வருகையில், இந்த வகை கிழக்கிந்தியாவிலும் உண்டு, சோழமண்டலக் கரையில் அவற்றைக் கட்டுமரம் என்கிறார்கள் என்று ஒரு வாக்கியம் விழுகிறது. ஒரே மரம் அல்லது இரண்டு, ஓர் ஆளைத்தான் சுமக்கும், அவனுடைய கால்களும் பிருட்டமும் எப்போதும் தண்ணீரிலேயே இருக்கும் என்று கூடவே எழுதுகிறார். இத்தனை நேர்த்தியாகப் பார்த்தவர் நம் கடற்கரையைப் பற்றிய அதிகாரம் வரும்வரை பொறுக்காமல் பெரூவிலேயே சொல்லிவிட்டார் என்பது எனக்கு இன்றும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. இரண்டு நூல்களும் லண்டனில் புனித பவுல் தேவாலய வளாகத்தில் விற்பனைக்கு வந்தவை. டாம்பியருடையது ‘கிரீடம்’ பலகை மாட்டிய கடையில், ஃபிரையருடையது ‘ரோஜாவும் கிரீடமும்’ மாட்டிய கடையில்.

இரண்டில் எது முந்தியது? அச்சான ஆண்டைப் பார்த்தால் டாம்பியர். காட்சி நடந்த ஆண்டைப் பார்த்தால் ஃபிரையர். நான் முதலில் அச்சாண்டின் பக்கம் சாய்ந்தேன். ஃபிரையர் 1673இல் என்ன எழுதினார் என்பது நம் கையில் இல்லை, 1698இல் அச்சுக்கோப்பவர் கோத்ததுதான் இருக்கிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் கடிதங்களைத் திருத்தியிருக்கலாம். அன்றைய அச்சகங்களில் எழுத்துக்கூட்டலை முடிவு செய்வது ஆசிரியரைவிட அச்சுக்கோப்பவர்தான். ஃபிரையரிடம் ‘டி’ இரட்டித்தும் டாம்பியரிடம் ஒற்றையாகவும் வருவது யாருடைய விருப்பமோ. டாம்பியரின் பயணக் குறிப்பின் கையெழுத்துப்படி ஒன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அது அச்சு நூலோடு பல இடங்களில் ஒத்துப்போவதில்லை. எழுதியதும் அச்சானதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டியதில்லை.

அப்படி முடிவு செய்துவிட்டு அகராதியின் விதிகளை மறுபடி படித்தபோதுதான் வழக்கு தலைகீழாயிற்று. ஒரு சொல் ஆங்கிலத்தில் வழங்கியது என்று காட்ட, விக்சனரி மூன்று தனித்தனிச் சான்றுகள் கேட்கிறது. அவை குறைந்தது ஓராண்டு இடைவெளியில் பரந்திருக்க வேண்டும். முக்கியமாக, ஒவ்வொன்றும் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்க வேண்டும், அதைப் பற்றிப் பேசியிருந்தால் போதாது. ‘அங்குள்ளவர்கள் இதை இப்படி அழைக்கிறார்கள்’ என்ற வாக்கியம், அந்தச் சொல் அந்த ஊர்க்காரர்களுடையது என்பதற்குத்தான் சாட்சி. டாம்பியரின் வாக்கியம் அப்படிப்பட்டது. ஃபிரையரிடமோ கட்டுமரங்கள் வாக்கியத்தின் எழுவாய். அவை வருகின்றன, கப்பலைத் தொடர்கின்றன. ‘கறி’க்கும் இதே நிலைமை உண்டு. லின்ஸ்ஹோட்டன் என்ற டச்சுக்காரரின் நூல் 1598இல் ஆங்கிலத்தில் வந்தது. சோற்றின் மேல் ஊற்றிக்கொள்ளும் சற்றே புளித்த சாற்றைச் சொல்லி, அதன் பெயர் ‘கர்ரியேல்’ என்கிறது. ஆங்கிலத்தில் ‘கறி’யின் தொடக்கம் என்று இதைப் பலரும் காட்டுகிறார்கள். இதுவும் ‘என்று பெயர்’ வகைதான். அதிலும் மொழிபெயர்ப்பாளர் மூலத்திலிருந்து அப்படியே கொண்டுவந்த பெயர்.

ஆண்டு என்னும் எண்

ஆக, கட்டுமரத்துக்கு மூன்று எண்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்குச் சரியான பதில். ஹாப்ஸன்-ஜாப்ஸன் தொகுத்தவர்களுக்குச் சொல்லைவிடப் பொருளின் வரலாறு முக்கியம். அவர்களுக்கு 1673 பொருந்தும். இரண்டு நூல்களில் எது முதலில் அச்சேறியது என்று கேட்பவருக்கு 1697. எழுத்துக்கூட்டலை ஆராய்கிறவருக்கு 1698. ஒற்றை ஆண்டைப் போட்டு அதன் பின்னால் மேற்கோளை நிறுத்துகிற அகராதிப் பழக்கம் இந்தக் கேள்விகள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சுருட்டிவிடுகிறது. அச்சிட்ட அகராதியில் இடம் போதாது; ஒப்புக்கொள்கிறேன். இணைய அகராதிக்கு அந்தச் சாக்கு கிடையாது.

தலைப்புப் பக்கத்து எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதற்கில்லை. இங்கிலாந்தில் 1751 வரை சட்டப்படி புத்தாண்டு பிறந்தது மார்ச் 25இல். முதலாம் சார்ல்ஸ் மன்னரின் தலை வெட்டப்பட்டது நம் கணக்கில் 1649 ஜனவரி 30. அக்காலத்து வழக்கில் அது 1648. அவர் எழுதியதாகச் சொல்லி அடுத்த நாட்களிலேயே பரவிய ‘ஐகான் பாஸிலிகே’யின் முதல் பதிப்பில் 1648 என்றே இருக்கிறது. அதை 1648 என்று அகராதியில் இட்டால், மன்னர் உயிரோடு இருந்த ஆண்டின் நூலாகத்தான் வாசகர் எடுத்துக்கொள்வார். நூலைப் பொறுத்து அச்சகத்தார் இரண்டு கணக்கையும் பின்பற்றியதால் பொது விதி ஒன்றைச் சொல்லித் தப்பிக்கவும் முடியாது. ஜார்ஜ் தாமஸன் என்ற லண்டன் புத்தக வணிகர் 1640 முதல் 1661 வரை 22,000 அளவில் துண்டு நூல்களைச் சேர்த்தார். பலவற்றின் தலைப்புப் பக்கத்தில், அவை கைக்கு வந்த தேதியை மையால் எழுதிவைத்தார். அகராதிக்காரனாக இருந்து சொல்கிறேன், அவருக்குச் சிலை வைக்கலாம்.

ஹாம்லெட்டின் இரண்டாம் பதிப்பு இன்னும் விசித்திரம். இன்று எஞ்சியிருப்பவை ஏழு படிகள். ஒரே எழுத்துக்கோப்பு, ஆனால் மூன்று படிகளில் 1604, நான்கில் 1605. ஆண்டு மாறும் நேரத்தில் அச்சு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. எந்தப் படியைப் பார்த்தோமோ அந்த எண்ணைத்தான் நாம் எழுதுகிறோம். ஆனால் பலரும் எந்தப் படியைப் பார்த்தோம் என்று எழுதுவதில்லை.

படியும் பக்கமும்

ஒரு நூலின் படிகளெல்லாம் ஒன்றுபோல் இருக்கும் என்பது பிற்கால அச்சு நமக்குக் கொடுத்த நம்பிக்கை. 1623இல் வெளிவந்த ஷேக்ஸ்பியரின் முதல் பெருந்தொகுப்பை அச்சடித்தபோது, ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கையிலேயே மெய்ப்புப் பார்த்தார்கள். பிழை தெரிந்தால் இயந்திரத்தை நிறுத்தித் திருத்திவிட்டு மறுபடி ஓட்டினார்கள். ஏற்கெனவே அடித்த தாள்களைக் காகித விலையை நினைத்து எறியவில்லை. திருத்திய தாளும் திருத்தாத தாளும் கலந்தே கட்டப்பட்டன. வாஷிங்டனின் ஃபோல்ஜர் நூலகத்தில் அந்தத் தொகுப்பின் 82 படிகள் இருக்கின்றன. சார்ல்டன் ஹின்மன் அவற்றில் ஐம்பதுக்கும் மேற்பட்டவற்றைத் தாமே அமைத்த கருவியால் பக்கம் பக்கமாக ஒப்பிட்டு இந்த வேறுபாடுகளைப் பட்டியலிட்டார். ‘முதல் தொகுப்பில் இப்படி உள்ளது’ என்பது, கண்டிப்பாகச் சொன்னால், ‘நான் பார்த்த படியில் இப்படி உள்ளது’ என்றுதான் ஆகும்.

அதே தொகுப்பில் ஹாம்லெட்டின் பக்க எண்களைப் பார்க்க வேண்டும். 156க்கு அடுத்த பக்கம் 257. நூறு பக்கம் தொலைந்துபோகவில்லை; எண்ணைக் கோத்தவரின் கை தவறிவிட்டது, அதன் பிறகு வருகிறவை எல்லாம் அந்தத் தவறான கணக்கிலேயே ஓடுகின்றன. அச்சிலுள்ள எண்ணைத் தருவதா, உண்மையான எண்ணைத் தருவதா? அச்சிலுள்ளதைத்தான், வாசகர் படத்தைத் திறந்தால் மூலையில் தெரிவது அதுதானே. பக்க எண்ணே இல்லாத நூல்களும் நிறைய உண்டு. அங்கே கைகொடுப்பது தாளின் அடியில் அச்சிட்ட எழுத்துக் குறி. நம் அச்சகங்களில் பாரம் என்கிறோமே, அந்த மடித்த தாள்கட்டு ஒவ்வொன்றுக்கும் கட்டுகிறவர் வரிசை பிசகாமல் இருக்க ஓர் எழுத்து. ‘பி’ கட்டின் மூன்றாம் இதழின் பின்பக்கம் என்று இடத்தைச் சுட்டலாம். அந்த வரிசையில் எழுத்துகள் 23தான். ‘ஐ’யும் ‘ஜே’யும் ஓரெழுத்து, ‘யூ’வும் ‘வி’யும் ஓரெழுத்து, ‘டபிள்யூ’ இல்லவே இல்லை. எழுத்து வழக்கில் நான் தடுமாறிய அதே சங்கதி இங்கே தாள் எண்ணுவதில் வந்து நிற்கிறது.

இந்தப் படிகளை நாம் எங்கிருந்து பார்க்கிறோம் என்பதும் சொல்ல வேண்டியதே. 1930களில் யூஜின் பவர் என்ற அமெரிக்கர் பிரிட்டிஷ் மியூசியத்தில் பழைய ஆங்கில நூல்களை நுண்படலத்தில் (மைக்ரோஃபிலிமில்) எடுக்கத் தொடங்கினார். அந்தக் கறுப்பு வெள்ளைப் படலங்கள்தாம் பின்னாளில் இணையத்துக்கு வந்தன. படங்களைப் பார்க்கப் பெரிய நூலகத்தின் சந்தா வேண்டும். மிச்சிகன், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகங்களின் கூட்டு முயற்சியில் அவற்றைப் பார்த்துக் கையால் தட்டச்சு செய்த பாடங்களில் ஏறத்தாழ 25,000 நூல்கள் 2015 ஜனவரி 1 முதல் எல்லோருக்கும் இலவசம். இருபதாயிரம் எழுத்துக்கு ஒரு பிழைக்கு மேல் கூடாது என்பது அவர்கள் வைத்த அளவு. எழுத்துணரி செய்வதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. படிக்க முடியாத எழுத்துக்கு ஊகிக்காமல் ஒரு கரும்புள்ளி இட்டிருப்பார்கள். அந்தப் புள்ளியின் நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும். அதை எடுத்துவிட்டுத் தம் ஊகத்தை நிரப்பி மேற்கோளாக இடுகிறவர்களைக் கண்டால் அதே அளவுக்குப் பிடிக்காது. நல்ல சொல்லாகவே ஊகித்திருக்கலாம். சதுர அடைப்புக்குறிக்குள் போடுவதில் என்ன குறைந்துவிடும்?

இந்த நாசூக்கெல்லாம் தேவையா என்று கேட்கிறவர்களுக்கு ‘அபகாட்’ என்ற சொல்லைக் காட்டலாம். ஒருவகைத் தொப்பியின் பெயர் 1548இல் ஹால் எழுதிய வரலாற்று நூலில் ‘ஒரு’ என்ற பொருளில் முன்னுள்ள ‘அ’வோடு ஒட்டிக் குழம்பி அச்சாயிற்று, அடுத்தடுத்த வரலாற்று நூல்களில் மேலும் சிதைந்து, 1587இன் ஹாலின்ஷெட் பதிப்பில் ‘அபகாட்’ ஆனது. அங்கிருந்து அகராதிகளில் ஏறிக்கொண்டது. ஒருவர் மற்றவரைப் பார்த்து எழுதினார்களே தவிர மூலத்தைத் திறக்கவில்லை. 1880களில் ஜேம்ஸ் மரே ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காகத் தேடியபோதுதான் அப்படி ஒரு சொல்லே இல்லை என்று தெரிந்தது. சான்றுச் சீட்டுகளைக் குவித்த அதே மரே இன்னொன்றும் சொல்லிப் புலம்பியிருக்கிறார்: வழக்கொழிந்த ‘அப்யூஷன்’ என்ற சொல்லுக்கு ஐம்பது சீட்டு வந்தது, எல்லோருக்கும் தெரிந்த ‘அப்யூஸ்’ என்பதற்கு ஐந்துகூட வரவில்லை. தன்னார்வலர்களின் கண் அரிய சொல்லில்தான் விழும். என் கண் கட்டுமரத்தில் விழுந்ததும் அப்படித்தான்.

இப்போது நான் ஃபிரையரை இப்படி இடுகிறேன்: காட்சி நடந்தது 1673, நூல் அச்சானது 1698, விற்றவரின் பெயர், 24ஆம் பக்கம், நான் பார்த்த படி இருக்கும் நூலகம், படத்துக்குச் சுட்டி; நீண்ட எஸ் மட்டும் இன்றைய உருவில், மற்றதெல்லாம் அச்சில் உள்ளபடி. டாம்பியர் அதற்கு மேலே, 1697. ஆனால் ‘சொல்லைக் குறிப்பிடுவது’ என்ற அடையாளத்தோடு. டாம்பியரின் நூலுக்கு 1697இலேயே இரண்டாம் பதிப்பும் வந்துவிட்டதால், எந்தப் பதிப்பு என்பதையும் சேர்த்தாக வேண்டும். மேற்கோள் ஒரு வரி, அதன் முகவரி நாலு வரி என்று நண்பர் ஒருவர் கேலி செய்தார். அவரே ஒரு நல்ல மறுப்பும் எழுப்பினார்: ஃபிரையரும் அடைப்புக்குறிக்குள் விளக்கம் சொல்கிறாரே, அதுவும் அறியாத சொல்லை அறிமுகப்படுத்துவதுதானே? அறிமுகம்தான். ஆனால் அடைப்புக்குறிக்குள் இருப்பதை முழுக்க எடுத்துவிட்டாலும் ஃபிரையரின் வாக்கியம் ஓடுகிறது, கட்டுமரங்கள் கப்பலின் பின்னால் வருகின்றன. டாம்பியரின் வாக்கியத்தில் ‘என்கிறார்கள்’ என்பதை எடுத்துவிட்டால் அந்தச் சொல் செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை. நண்பர் இன்னும் ஏற்கவில்லை. அடைப்புக்குறி அச்சுக்கோப்பவர் போட்டதாகவும் இருக்கலாமே என்கிறார்.